நடுக்கோடு எரியாத நாள்

அக்டோபர் 3

நன்றியேட்டில் தினமும் சில வரிகளாவது எழுத வேண்டும். கடைசி வரி 'இன்றைய நன்றி' என்று தொடங்க வேண்டும். நிறைகுளம் நகரியத்தில் குடியேறுகிற எல்லோருக்கும் இது சட்டம். மாதக் கடைசியில் ஏட்டை அலுவலகத்து இயந்திரத்துக்குள் விட்டால், அது படித்துப் பார்த்துப் பச்சை முத்திரை குத்தித் திருப்பித் தரும் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். பயந்து பயந்து எழுதுகிறார்கள்.

அந்த இயந்திரத்தைப் பழுது பார்ப்பவன் நான். அது ஒரு எழுத்தைக்கூடப் படிப்பதில்லை. பக்கத்தில் போதுமான மை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. போன வருடம் ஒரு பக்கம் முழுக்க வயர் அளவுப் பட்டியலை எழுதி உள்ளே விட்டேன். பச்சை முத்திரை விழுந்தது. அதனால் எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சொன்னால் யாரும் எழுத மாட்டார்கள், இயந்திரம் வேலையில்லாமல் நிற்கும், என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

இன்று உத்தரவு வந்தது. பொதுக்கூடத்து மின்பலகையையும் வீட்டுப் பலகைகள் நாற்பதையும் மாற்றிப் புதியவை பொருத்த வேண்டும். நவம்பர் ஒன்றாம் தேதிக்குள். ஆள் நான் ஒருவன்தான். "ஒருத்தனால முடியாது மேடம்" என்றேன். மேற்பார்வையாளர் திலகவதி மேடம் தன் வீட்டுப் பலகையைக் காட்டினார். 'நயினாரால் முடியும்' என்று அதில் ஓடியது. பலகையோடு யார் வாதாடுவது?

இன்றைய நன்றி: குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. சாயல்குடிப் பக்கம் என் வயதுக்காரர்கள் இந்நேரம் குடத்தோடு நாலு மைல் நடந்துகொண்டிருப்பார்கள்.

அக்டோபர் 4

எட்டு வீட்டில் மாட்டிவிட்டேன். முதுகு வலி. மாலையில் என் பலகையில் 'சுடுதண்ணீர் ஒத்தடம், சீக்கிரம் படுக்கவும்' என்று வந்தது. நான் யாரிடமும் முதுகைப் பற்றிச் சொல்லவில்லை. போன வருடம் டெங்கு வந்தபோதும் எனக்குக் காய்ச்சல் என்று எனக்குத் தெரியும் முன்னால் டாக்டர் வாசலில் நின்றார்.

என்ன சமைப்பது, எந்த வேலைக்குப் போவது, யாரோடு குடும்பம் நடத்துவது, எல்லாம் பலகை சொல்லும். பிடிக்காதவர்கள் போகலாம். கேட் திறந்தேதான் கிடக்கிறது. போனால் திரும்ப வர முடியாது, அவ்வளவுதான். நான் வந்து ஏழு வருடம் ஆகிறது. நாலு பேர் போயிருக்கிறார்கள்.

இன்றைய நன்றி: ஒத்தடத்துக்கு. துணியை முக்கிப் பிழிந்து வைத்தது என் மனைவி எஸ்கலின். பலகை அதைச் சொல்லவில்லை.

அக்டோபர் 6

கூடத்துப் பழைய பலகையைக் கழற்றினேன். அதில் ஒவ்வோர் இலக்கமும் ஏழு விளக்குக் கோடுகளால் ஆனது. கடைசி இலக்கத்தின் நடுக்கோட்டுக்குப் போகும் வயரை ஒட்டவைத்த ஈயப்பற்று விரிசல் விட்டிருந்தது. உப்புக்காற்றும் காலை ஈரமும் சேர்ந்தால் அந்தக் கோடு எரியாது. வெயில் ஏறியதும் எரியும். நடுக்கோடு எரியாவிட்டால் எட்டு என்பது பூஜ்யமாகத் தெரியும்.

இங்கே கல்யாணம் எப்படி நடக்கிறது என்று எழுதிவிடுகிறேன். வருடத்தில் ஒரு நாள் காலையில் கூடத்துப் பலகையில் பெண்ணின் எண்ணும் ஒரு வீட்டின் எண்ணும் வரும். பெண் பெட்டியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவாள். ஆணுக்கு அறிவிப்பு எதுவும் கிடையாது. கதவைத் திறந்தால் தெரிந்துகொள்வான். யாரும் யாரையும் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்பதில்லை. கேட்கவும் கூடாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அப்படித்தான் எஸ்கலின் பத்தாம் வீட்டுக் கதவைத் தட்டினாள். நான் திறந்தேன்.

பலகையின் நினைவகத்தைப் புதியதுக்கு மாற்றும்போது அந்த நாளின் பதிவு கண்ணில் பட்டது. பெண் 2217. வீடு 18.

2217 எஸ்கலின்.

இன்றைய நன்றி: பிறகு எழுதுகிறேன்.

அக்டோபர் 7

எழுதவில்லை. மை போதும்.

அக்டோபர் 9

பதினெட்டாம் வீட்டில் இருப்பது மாசானம் அண்ணன். உப்புநீக்கும் ஆலையில் வேலை. முப்பத்தைந்து வயது. தனியாள். வாரம் இரண்டு நாள் நானும் அவரும் கேரம் ஆடுவோம். இன்றும் ஆடினோம்.

சிவப்புக் காயைப் போட்டுவிட்டு, "என்னடே நயினாரு, குறி தப்புது? எஸ்கலின் சோறு போடலையா?" என்றார்.

"வேலை ஜாஸ்தி."

"எனக்கெல்லாம் யாருல கேக்கா, சாப்பிட்டியான்னு? ஆனா ஒண்ணுடே. பலகை எல்லாருக்கும் பொசுக்குன்னு முடிச்சு உட்டுட்டு. எனக்கு மட்டும் மூணு வருஷமா யோசிக்குது. அப்போ எப்பேர்ப்பட்டவளத் தேடுதுன்னு பாத்துக்கோ!"

அடுக்களையில் இரண்டு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. அவர் சாப்பிடுவது ஒன்றில். கேட்டேன். "தட்டு தூசி படிஞ்சு கெடந்தா, வாரவ என்ன நெனைப்பா?" என்றார்.

அடுத்த நாலு ஆட்டமும் தோற்றேன்.

நவம்பர் முதல் தேதி ஒப்புநோக்கு. மூலப் பதிவையும் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் புதிய பலகை ஒப்பிட்டுப் பார்க்கும். தவறு இருந்தால் அன்றைக்கே இடமாற்றம். முன்பு தெற்கு வரிசையில் ஒரு ஜோடிக்கு அப்படி நடந்தது. இரண்டு பேரும் அழுதுகொண்டே போனார்கள். மூன்றே மாதம். இப்போது இரண்டு பேரும் அவரவர் புது வீட்டில் சந்தோஷமாக இருக்கிறார்கள். நடிப்பில்லை, நானே பார்த்தேன்.

எஸ்கலினும் பதினெட்டுக்குப் போனால் சந்தோஷமாகத்தான் இருப்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்றைய நன்றி: மாசானம் அண்ணனுக்கு ஒன்றும் தெரியாததற்கு.

அக்டோபர் 10

தீர்வு இருக்கிறது. புதிய பலகையில் பதிவுகளை ஏற்றுபவன் நான். பதினெட்டை அழித்துவிட்டுப் பத்து என்று தட்டினால் போதும். ஐந்து வினாடி வேலை. யாருக்கும் நஷ்டமில்லை. மாசானம் அண்ணன் இன்னும் சந்தோஷமாகவே இருப்பார். எஸ்கலினுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இன்றைய நன்றி: பழுது என் கையில் சிக்கியதற்கு.

அக்டோபர் 13

தட்டவில்லை. இருபத்திரண்டு வீட்டுக்குப் பலகை மாட்டியாயிற்று.

எஸ்கலின் ரொட்டிக்கூடத்தில் வேலை செய்கிறாள். மாலையில் வந்ததும் தலைமுடியிலிருந்து மாவைத் தட்டிவிட்டு, "என்னங்க, ஒரு வாரமா என்னய மீட்டர் பாக்குத மாதிரியே பாக்குதீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன். நான் 'ஒன்றுமில்லை' சொல்லுகிற ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அக்டோபர் 15

அக்காவைப் பற்றி இந்த ஏட்டில் இதுவரை எழுதியதில்லை.

அவள் பெயர் சண்முகக்கனி. பக்கத்துத் தெருப் பையனைத் தேர்ந்தெடுத்தாள். எங்கள் சித்தப்பாக்களும் தேர்ந்தெடுத்தார்கள். கிணற்றடியில் வைத்து, அரிவாளை. எனக்கு அப்போது பதினாறு வயது. பிறகு சித்தப்பா என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எல்லாம் அவ நல்லதுக்குத்தாம்ல."

பாலிடெக்னிக் முடித்த மறுவாரம் நான் இந்தக் கேட்டுக்குள் வந்தேன். யாரோடு யார் என்று ஒரு இயந்திரம் சொல்லட்டும், தெருவும் சாதியும் அதற்குத் தெரியாது. இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்த மனிதனும் செய்ததில்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். வெளியே இருந்திருந்தால் நானும் எஸ்கலினும் ஒரே பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்ததற்கே ஆள் அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் இன்று புதிய பலகையின் விசைகளில் விரலை வைத்தபோது என் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. 'அவ நல்லதுக்குத்தான்.' சத்தமாகவே சொல்லிவிட்டேன். கூடத்தில் வேறு யாரும் இல்லை.

விரலை எடுத்துவிட்டேன்.

இன்றைய நன்றி: அந்தக் குரல் எனக்கு அடையாளம் தெரிந்ததற்கு.

அக்டோபர் 16

ஒன்றை விட்டுவிட்டேன். எழுதிவிடுகிறேன்.

எஸ்கலின் வந்த அன்று காலை ஏழரைக்கே எனக்குப் பழுதுச் சீட்டு வந்திருந்தது. 'கூடத்துப் பலகை, கடைசி இலக்கம், நடுக்கோடு மினுக்குகிறது.' காப்பி குடித்துவிட்டுப் போகலாம் என்றிருந்தேன். எட்டரைக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் இவள். மழைத்தூறலில் நனைந்து, ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் பிய்ந்துபோன செருப்பு. "இதுதான பத்து?" என்றாள்.

கையில் இருந்த சீட்டைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன்.

"ஆமா, பத்துதான்" என்றேன்.

கூடத்துக்கு நான் போகவில்லை. மாலையில் சீட்டில் 'பழுது இல்லை' என்று கையெழுத்துப் போட்டேன். ஏழு வருடத்தில் சோதிக்காமல் நான் கையெழுத்துப் போட்டது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் பலகைக்கு நன்றி எழுதியிருக்கிறேன். 'எஸ்கலினைத் தந்ததற்கு நன்றி.' பலகை தரவில்லை. நான் எடுத்துக்கொண்டேன்.

இன்றைய நன்றி: யாருக்கு என்று தெரியவில்லை.

அக்டோபர் 19

சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எஸ்கலின், ஒரு பழுது இருக்கு."

"எதுல?"

"நம்ம கல்யாணத்துல."

சிரித்தாள். "அத நீங்கதான சரி பண்ணணும்? மெக்கானிக் நீங்கதான?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஈயப்பற்று, பதினெட்டு, மாசானம் அண்ணன், சீட்டு. அவள் கத்தியை நிறுத்தவில்லை. கடைசிக் காய் வரை நறுக்கி முடித்தாள்.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு. போய்ப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"ஏன் போகல?"

"நீ வந்துட்ட."

"அப்போ நீங்க என்னயப் பாத்து, வேணும்னு வச்சிக்கிட்டீங்க."

"ஆமா."

"நான் உங்களப் பாத்து வேணும்னு வச்சிக்கிடலையே! பலகை சொல்லிச்சு, வந்தேன். நீங்க வாயத் தொறந்து சாப்பிடுதத, தூக்கத்துல வயரு வயருன்னு பொலம்புதத, எல்லாத்தயும் பலகை தெரிஞ்சுதான் சேத்திருக்கும்னு பொறுத்துக்கிட்டேன். பொறுத்துப் பொறுத்துப் பிடிச்சும் போச்சு. இப்போ வந்து, அது பலகை இல்ல, நாந்தாங்கிறீங்க."

"இப்ப நீ சொல்லு. பத்தா, பதினெட்டா? முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள சொல்லணும். எதச் சொன்னாலும் ஏத்திருதேன்."

"பஸ்ஸுல சீட்டுக் கேக்குத மாதிரி கேக்குதீங்க பாருங்க" என்றாள். பிறகு வெண்டைக்காயை அப்படியே வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போய்விட்டாள். பலகையில் 'வெண்டைக்காய்ப் பொரியல்' என்று ஓடிக்கொண்டே இருந்தது. நான் பொரித்தேன். தீய்ந்துவிட்டது.

இன்றைய நன்றி: அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் கோபப்பட்டாள்.

அக்டோபர் 21

பேசுவதில்லை. முப்பது வீடு முடிந்தது.

அக்டோபர் 23

இன்று என் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. இந்த நகரியத்தில் நான் பார்க்க யாரும் யாரையும் அறைந்ததில்லை. யாருக்கும் காரணம் இருந்ததில்லை.

எஸ்கலின் நேற்று பதினெட்டாம் வீட்டுக்குப் போய் மாசானம் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர் இன்று காலை நேராகப் பணிமனைக்கு வந்தார். "ஏல நயினாரு" என்று கூப்பிட்டார். திரும்பினேன். விழுந்தது.

"மூணு வருஷம்டே! ஆயிரம் நாளு எழுதியிருக்கேன். 'எனக்கு ஏத்தவளத் தேடிட்டு இருக்கதுக்கு நன்றி'ன்னு. ஆயிரம் நாளு!"

என் புத்தி அந்த நேரத்திலும் விவரம்தான் சொன்னது. "அந்த இயந்திரம் படிக்கிறதில்லண்ணே. மையை மட்டுந்தான் பாக்கும்."

"அது படிக்காட்டா என்னல? எழுதுன நான் படிச்சேம்லா!"

'மன்னிச்சிருங்கண்ணே' என்றேன். அவர் என் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையையே பார்த்தார். அது சிவந்திருந்தது.

"அவ வந்து என்ன சொன்னா தெரியுமா? 'உங்கள எனக்கு முன்னயே தெரியாது, அவர இப்பந்தான் தெரியாமப் போச்சு'ன்னா. அப்புறம் அந்த ரெண்டாவது தட்டப் பாத்து அழுதா. நான் ஒண்ணும் கேக்கல. அவள வான்னும் சொல்லல. சொன்னா நானும் நீயும் ஒண்ணாயிருவோம்லா?"

"அண்ணே, நீங்க என்ன சொன்னாலும் பலகையில ஏத்துதேன்."

"எம் பேர அடுத்த பட்டியல்லருந்து எடுத்துரு. கதவ யாராவது தட்டுதாங்களான்னு காதக் குடுத்துக் குடுத்தே செவிடாயிருவேன் போலிருக்கு. வேணும்னா நானே போய் எவ வீட்டுக் கதவயாவது தட்டிக்கிடுதேன். செருப்படி விழுந்தா அது எனக்கு விழுந்ததா இருக்கட்டும்."

காப்பி கேட்டார். போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்றைய நன்றி: அறைக்கு. கிண்டலாக எழுதவில்லை.

அக்டோபர் 29

காலையில் எஸ்கலின் பேசினாள். பத்து நாளில் இதுதான் முதல் தடவை.

"பலகையில பத்து, பதினெட்டு மட்டுந்தான் தட்ட முடியுமா?"

"நாப்பது வரைக்கும் எதையும் தட்டலாம்."

"ஆள் இல்லாத வீட்டையும்?"

"அது எண்ணை மட்டுந்தான் பாக்கும்."

தலையாட்டினாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 31

கூடத்துக்கு அவளை அழைத்துப் போனேன். விசைகளைக் காட்டினேன். "இதுல எண், இதுல வீடு, இத அமுக்குனா பதிவாயிரும். பதிவாயிட்டா அடுத்த ஒப்புநோக்கு வரைக்கும் மாத்த முடியாது. மூணு வருஷம்."

"தெரியும். நீங்க அந்தப் பக்கம் போங்க."

சுவரைப் பார்த்து நின்றேன். அவள் தட்டுவது கேட்டது. நாலு தட்டு, அது அவள் எண். பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு இரண்டு தட்டு. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. ஒலியை வைத்து எந்த விசை என்று என்னால் கண்டுபிடிக்க முடியும், ஏழு வருட வேலை. காதைப் பொத்தியிருக்க வேண்டும், தோன்றவில்லை. இரண்டாவது விசை மூன்று. பத்தும் இல்லை, பதினெட்டும் இல்லை.

நவம்பர் 1

பெண் 2217. வீடு 23. நடுக்கோடும் தெளிவாக எரிந்தது.

திலகவதி மேடம் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இருவத்தி மூணு காலி வீடாச்சேப்பா?"

"பலகை சொல்லுது மேடம்."

அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

பெட்டியையும் பாயையும் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். வழியில் ஜனங்கள் வாழ்த்துச் சொன்னார்கள். இடமாற்றம் என்றால் வாழ்த்துவது இங்கே வழக்கம். எஸ்கலின் எல்லோருக்கும் பதில் சொன்னாள். வீட்டு வாசலில் பெட்டியை வாங்கிக்கொண்டு, "கோவம் இன்னும் இருக்கு. அதுக்காக மட்டும் வரல" என்றாள்.

"வேற எதுக்கு?"

"எனக்கு என்ன பிடிக்கும்னு யாரும் சொல்லாம இருந்தா எப்படி இருக்கும்னு பாக்கணும்."

இன்றைய நன்றி: பெட்டியை நான் தூக்க விட்டதற்கு.

நவம்பர் 4

அவள் வீட்டுப் பலகையில் 'விவரம் இல்லை' என்று மட்டும் ஓடுகிறதாம். ஆண் இல்லாத வீடு என்று ஒன்றை அதில் யாரும் எழுதி வைக்கவில்லை. ரேஷன் கூடத்தில் இன்று அவளைப் பார்த்தேன். பருப்பு மூட்டைக்கும் கருவாட்டுக் கூடைக்கும் நடுவில் கால் மணி நேரம் நின்றாள். பின்னால் வரிசை முனகியது. ஒன்றும் வாங்காமல் போய்விட்டாள். மூன்று நாளாக ரொட்டிக்கூடத்து ரொட்டிதான் சாப்பாடு என்று மாசானம் அண்ணன் சொன்னார்.

எதை வாங்குவது என்று அவளிடம் சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

என் வீட்டில் மட்டும் பலகை எல்லாவற்றையும் சொல்கிறது. 'இன்று தனிமை தோன்றலாம், மாலை நடை நல்லது.' நடந்தேன். நல்லதாகத்தான் இருந்தது. அதற்கும் நன்றிதான், பொய் சொல்லி என்ன?

நவம்பர் 8

மாலை ஆறு மணிக்கு எஸ்கலின் ஆளனுப்பாமல் தானே வந்தாள். "கொழம்பு வச்சிருக்கேன். வந்து சாப்பிடுங்க. நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னு சொல்லணும்."

போனேன். கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய் போட்டது. எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்தாள்.

"நல்லா இல்ல. புளி ரொம்ப ஜாஸ்தி."

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். ஒரு கவளம் அள்ளிப் போட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, புளிப்பு அப்படி. "மூணு வருஷம் பலகை சொன்ன அளவுல போட்டேன். எனக்கு இவ்ளோ புளி பிடிக்கும்னு எனக்கே தெரியாது. அம்மா இப்படித்தான் வைப்பான்னு நெனைக்கேன். ஞாபகம் இல்ல."

நான் இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டேன். "நல்லா இல்லேன்னுட்டு எதுக்குப் போடுதீங்க?" என்றாள். பசி என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமில்லாதது.

கை கழுவிவிட்டுக் கேட்டேன். "நாளைக்கும் வரட்டுமா?"

பலகை என்றால் இரண்டு வினாடியில் பதில் தெரியும். இவள் தட்டுகளை அடுக்கினாள், சட்டியை மூடினாள், துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"தெரியல" என்றாள்.

காத்திருந்தேன். ஏழு வருடத்தில் இந்த நகரியத்தில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

"தெரியலன்னா தெரியலதான். நிக்காதீங்க. நாளைக்குச் சாயங்காலம் சொல்லுதேன்."

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

இன்றைய நன்றி: எஸ்கலினுக்கு. பதில் அவளுக்கு இன்னும் தெரியவில்லை.